பொறுக்கிற சூடு

போர்ட் பிளேரில், கராச்சர்மாவில் என் பக்கத்து வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். கால் விரல்கள் மரத்துப்போகின்றன என்று போன மழைக்காலத்தில் சொன்னார். துணைக்கு நானும் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு எழுதியவர் இளம் டாக்டர்களான உங்களில் ஒருவர்தான். யாரென்று சொல்லி மானத்தை வாங்க மாட்டேன். எத்தனை நாளாக என்று கேட்டீர்கள். சர்க்கரைப் பரிசோதனைக்கு எழுதினீர்கள். தலை நிமிராமல் அடுத்தவரைக் கூப்பிட்டீர்கள். சர்க்கரைதான் என்று மறுநாள் தெரிந்தது, ஆக நீங்கள் எழுதியதில் குற்றம் இல்லை. ஆனாலும் திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குக் கோபம் ஆறவில்லை. செருப்பைக் கழற்றச் சொல்லி அந்தக் காலை ஒருவரும் பார்க்கவில்லை.

அப்படிக் கோபப்பட எனக்கு யோக்கியதை கிடையாது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஓய்வுபெற்ற கம்பவுண்டர்கள் நாங்கள் சொல்வதெல்லாம் காப்பாற்றிய கதைகளாகவே இருக்கும். கேட்பவர்களுக்கும் அதுதான் பிடிக்கும். நான் ஒரு பெண்ணின் கால்களைக் கெடுத்த கதையைச் சொல்லப்போகிறேன்.

கெடுப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு பெருமை வந்து சேர்ந்தது. வினை அங்கேதான் தொடங்கியது என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். நான் திருநெல்வேலிக் கடற்கரைக்காரன், கம்பவுண்டர் படிப்பு படித்துவிட்டுக் அந்தமானுக்குக் கப்பலேறி வந்தவன். அறுபதுகளில் மாயாபந்தர் பக்கம், காட்டில் மரம் வெட்டும் முகாம் ஒன்றில் போட்டார்கள். ஒரு நாள் வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய தொழிலாளி ஒருவர் வலது கால் விரல்களைக் காட்டி, "சுன் ஹோ கயா, டாக்டர்பாபு" என்றார். அப்போது எனக்கு இந்தி அரைகுறை. சுன் என்றால் என்னவென்று தெரியாது. வலியா, வீக்கமா, எரிச்சலா என்று தெரிந்த சொல்லையெல்லாம் சொல்லிக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையை ஆட்டினார். கடைசியில் அவரே என் கையைப் பிடித்துத் தன் விரலைக் கிள்ள வைத்தார். கிள்ளிக்கொண்டே இருக்கிறேன், மனிதர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. மரத்துப்போயிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தேன். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே கன்றிப்போன வளையம் ஒன்று தெரிந்தது. அட்டை ஏறாமல் இருக்கக் கால்சட்டைக்கு மேல் சணல் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க வேலை செய்திருக்கிறார். கயிறு நரம்பை நெரித்துவிட்டது. கயிற்றைத் தளர்த்தச் சொன்னேன். சில வாரங்களில் உணர்ச்சி திரும்பியது. முகாம் முழுக்க என் பேர் பரவியது. கால் விரல் விஷயத்தில் நான் புலி என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டேன்.

எழுபதுகளில் நிகோபாரில் உள்ள கட்சால் தீவுக்கு மாற்றினார்கள். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்களை அரசாங்கத்து ரப்பர் தோட்டத்தில் குடியேற்றிய காலம். வரிசையாகக் கட்டிய வீடுகளை அவர்கள் லயம் என்பார்கள். மருந்தகத்தில் டாக்டர் இடம் காலியாக இருந்தது. போர்ட் பிளேரிலிருந்து எப்போதாவது டாக்டர் கப்பலில் வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் நான்தான். ஆனாலும் அங்கே போய் இறங்கியதும் எனக்குப் பெரிய நிம்மதி. எத்தனையோ வருஷம் இந்தியிலும் வங்காளியிலும் திணறியவனுக்கு, வருகிறவர்கள் எல்லாரும் தமிழ். இனி யாரிடமும் எதையும் இரண்டு தடவை கேட்க வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

முத்தாயி அந்தத் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். நாற்பது வயது இருக்கும். விடியும்போதே கத்தியோடு சரிவில் ஏறி, மரம் மரமாகப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. வந்த வருஷமே அவருக்குக் காசநோய் கண்டது. வந்திருந்த டாக்டர் ஊசியும் மாத்திரையும் எழுதிவிட்டுப் போனார். லயத்தின் கடைசி அறையில் தனியாக வைத்தார்கள். கணவர் கறுப்பையா சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்து நிற்பார். மாத்திரை விஷயத்தில் நான் கெடுபிடிக்காரன். தினமும் என் கண் முன்னால் விழுங்கி, நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும். முத்தாயி ஒரு நாள்கூடத் தவறவில்லை. சளியில் கிருமி இல்லை என்று முடிவு வந்ததும், மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்தேன். அந்தச் சீட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மறுபடியும் தன் மரங்களுக்கும் மனிதர்களுக்கும் நடுவில் போய் நிற்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

வேலைக்குத் திரும்பி இரண்டு மாதம் ஆகியிருக்கும். மாத்திரை விழுங்கிவிட்டு, போகாமல் நின்றார்.

"என்ன முத்தாயி?"

"ஒண்ணும் இல்லீங்க ஐயா. கால் வெரலு வெறைக்குதுங்க."

"ரெண்டு காலுமா?"

"ஆமாங்க. கொஞ்ச நாளா இருக்கு. முந்தி நுனியில மட்டும் இருந்துச்சு."

எங்கள் கடற்கரையில் செத்துக் கரை சேர்ந்த மீன் விறைக்கும். கழுத்து விறைக்கும், கெண்டைக்கால் விறைக்கும். உணர்ச்சி போனால் அதை நாங்கள் மரத்துப்போச்சு என்போம். ஆகவே முத்தாயி சொன்னது எனக்கு மிகத் தெளிவாகக் கேட்டது. சரிவில் ஏறி இறங்குகிறவள், விரல் மடக்க வராமல் இறுகிக் கிடக்கிறது. பேரேட்டில் விறைப்பு என்று எழுதினேன். எழுதிய பிறகு பார்ப்போமே என்று குனிந்தேன். அவர் சட்டென்று கால்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

"காலத் தொடாதீங்க ஐயா. எங்களுக்குப் பாவம் வந்து சேரும்."

நான் நிமிர்ந்துவிட்டேன். அவருடைய கூச்சத்தை மதித்து நிமிர்ந்ததாக ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி பொய். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. மீன்காரர் மகனின் கையைத் தன் காலில் பட விடாத ஒரு மரியாதை.

"சுடுதண்ணியில கல்லுப்பு போட்டு ரெண்டு காலையும் உள்ள வச்சுக்கோ. பொறுக்கிற சூட்டுல வை. ஆற ஆறக் கொதிதண்ணி சேத்துக்கோ. வேலை விட்டு வந்ததும் ஒரு தடவை, படுக்க முன்னால ஒரு தடவை."

"சரிங்க ஐயா."

நான் சொன்ன எதையும் முத்தாயி அரைகுறையாகச் செய்ததே இல்லை.

ஐந்தாம் நாள் காலையில் கறுப்பையா மருந்தகத்து வாசலில் வந்து நின்றார். ஓடி வந்திருக்கிறார் என்று மூச்சிலேயே தெரிந்தது. சரிவில் முத்தாயிக்குப் பின்னால் நடந்த பெண், பாதையில் ஈரமான தடத்தைப் பார்த்திருக்கிறாள். பால் சிந்துகிறதோ என்று குனிந்து பார்த்தால் சிவப்பாக இருந்ததாம். முத்தாயி அதற்குள் பாதி மரங்களை வெட்டி முடித்திருந்தார். காலில் என்ன என்று கேட்டதற்கு, ஒன்றும் இல்லையே என்றாராம்.

லயத்துக்குப் போனபோது அவரை வாசலில் உட்கார வைத்திருந்தார்கள். கால்களைப் பார்த்தேன். இரண்டு பாதங்களிலும் கொப்புளம் எழும்பி உடைந்து தோல் கழன்றிருந்தது. வலது கால் விரல்கள் வெளிறிச் சாம்பல் நிறத்தில் இருந்தன. மண்ணும் இலைத்தூளும் புண்ணுக்குள் போயிருந்தன. உள்ளே அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, பக்கத்தில் தகர வாளி. வேலை விட்டு வந்தால் கால் வைக்கத் தயாராக இருக்கட்டும் என்று கறுப்பையா அடுப்பு மூட்டியிருந்தார். வழக்கமாக எப்படிக் கலப்பீர்கள், கலந்து காட்டுங்கள் என்றேன். கலந்தார். என் கையை விட்டேன். ஒரு நொடி வைக்க முடியவில்லை.

"இதுலயா கால வச்சே?"

"ஆமாங்க. பொறுக்கிற சூடுன்னு சொன்னீங்க." முத்தாயி என்னையே பார்த்துக்கொண்டு சொன்னார். "பொறுத்துச்சுங்க."

சுற்றிலும் லயத்துப் பெண்கள் நின்றார்கள். அவர்கள் முன்னால் கேட்க வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"முத்தாயி, நீ வெறைப்புன்னு சொன்னியே, அது என்ன?"

இது என்ன கேள்வி என்பதுபோல் விழித்தார். "வெறைப்புங்க. பல்லு புடுங்க முந்தி வெறைப்பு ஊசி போடுவாங்கல்ல. அப்புறம் புடுங்குனாத் தெரியாது. அது மாதிரிங்க."

இலங்கையிலிருந்து வந்த அத்தனை பேருக்கும் தெரிந்த சொல். அந்த வாசலில் அது தெரியாத ஒரே தமிழன் நான். மாயாபந்தரில் மொழி தெரியாத மனிதரிடம் பத்துத் தடவை கேட்டேன், காலை மடியில் வைத்துப் பார்த்தேன். என் மொழி பேசியவரிடம் ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்கவில்லை. இதைவிடப் பெரிய பாடம் என்னிடம் கிடையாது.

புண்ணைக் கழுவிக் கட்டினேன். வலித்தால் சொல் என்று வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. பென்சிலின் போட்டேன். பிறகு கடற்கரை மேட்டிலிருந்த போலீஸ் வயர்லெஸ் குடிசைக்கு ஓடினேன். மழைக்காலம், கடல் கொந்தளிப்பு. கப்பல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். அவரைக் கேட்டே ஆக வேண்டும். வயர்லெஸ்காரர் ராஞ்சிப் பக்கத்து ஆள், லயத்துக்காரர்களோடு பழகிக் கொஞ்சம் தமிழ் பேசுவார்.

"சிக்னல் கம்ஸோர் ஹை, கம்பவுண்டர் ஸாப். லம்பா நஹீ ஜாயேகா. சின்னச் சின்னதா போலோ." சிக்னல் பலவீனம், நீளமாக அனுப்ப முடியாது என்கிறார்.

பெண், நாற்பது வயது, இரண்டு கால் விரல்களும் உணர்ச்சியற்றவை, வெந்நீர்ப் புண், காரணம் தெரியவில்லை என்று அனுப்பினோம். பதில் வர மணிக்கணக்காகும். வந்த பதிலில் மருந்து இல்லை, கேள்விதான் இருந்தது. தோலில் உணர்ச்சியற்ற தேமல் உண்டா? முழங்கையில் நரம்பு தடித்திருக்கிறதா?

மறுபடி லயத்துக்கு ஓடினேன். முத்தாயியின் முதுகையும் கைகளையும் லயத்துப் பெண் ஒருத்தியை வைத்துக்கொண்டு பஞ்சால் தொட்டுப் பார்த்தேன். தொழுநோயைத் தேடுகிறேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது. அதுவரை அழாதவர் அழத் தொடங்கினார்.

"பெருநோவுங்களா ஐயா? கப்பல்ல ஏத்திருவீங்களா?"

"தேமல் எதுவும் இல்லை. அழாதே."

"அதுக்குப் பயந்துதாங்க அன்னிக்கு மெதுவாச் சொன்னேன். காலக் காட்டலை. ஒரு தடவை ஒதுக்கி வச்சது போதுங்க."

பாவம் என்று சொல்லிக் காலை இழுத்துக்கொண்டதன் அர்த்தம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் மேல் வைத்த மரியாதை என்று நான் மகிழ்ந்தது, என்னைக் கண்ட பயம்.

இரண்டு நாள் இப்படியே போனது. கேள்வி வரும், நான் லயத்துக்கு ஓடுவேன், பதிலோடு மேட்டுக்கு ஏறுவேன். குடிப்பழக்கம் உண்டா? இல்லை. சிறுநீரில் சர்க்கரை? காய்ச்சிப் பார்த்தேன், இல்லை. வெறும் தீட்டிய அரிசியே சாப்பாடா, கால் வீக்கம், மூச்சு வாங்குகிறதா? சாப்பாடு போதாதுதான், ஆனால் வீக்கமும் மூச்சிரைப்பும் இல்லை. முதுகில் அடிபட்டதா? இடுப்பிலிருந்து கால் வரை இழுக்கும் வலியா? இல்லை. இறுக்கமான பூட்ஸ்? வெறுங்கால். ஒவ்வொரு கேள்வியும் என்னைக் குட்டியது. இவ்வளவையும் அன்றைக்கே, மருந்தகத்துப் பெஞ்சில் வைத்தே நான் கேட்டிருக்கலாம். விரல் மரத்துப்போவது ஒரு நோய் இல்லை. பல வீடுகளுக்குப் பொதுவான ஒரு வாசல். உள்ளே போய்ப் பார்க்காமல் யார் வீடு என்று சொல்ல முடியாது. இன்றைக்கு நீங்கள் முதலில் சர்க்கரையைத் தேடுகிறீர்கள், அது சரிதான். அது இல்லை என்றால் நின்றுவிடாதீர்கள் என்பதுதான் நான் கேட்பது.

மூன்றாம் நாள் ஒற்றை வரி வந்தது. வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா?

வயர்லெஸ்காரரை மறுபடி ஒரு தடவை படிக்கச் சொன்னேன். காசநோய் வேறு கணக்கு, கால் விரல் வேறு கணக்கு என்று என் தலைக்குள் தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தேன். முதல் செய்தியிலேயே போயிருக்க வேண்டிய விஷயம். மாத்திரையின் பெயரை அனுப்பினேன். இந்தத் தடவை பதில் உடனே வந்தது. மாத்திரைதான் காரணம். உடம்பில் சத்து குறைந்தவர்களுக்கு அது நரம்பைத் தின்னும். பி6 கொடுக்கவும். காசநோய் மாத்திரையை நிறுத்த வேண்டாம். முதல் கப்பலில் அனுப்பவும்.

பி6 என் அலமாரியில் இருந்தது. கர்ப்பிணிகளின் வாந்திக்கு என்று வந்த புட்டி. முத்தாயி தினமும் நாக்கை நீட்டிக் காட்டிய இடத்துக்கு நேர் பின்னால், மேல் தட்டில், ஒன்றரை வருஷமாக உட்கார்ந்திருந்தது.

அன்றைக்கு லயத்துக்கு நடந்தபோது என் மனதில் ஓடியதைச் சொல்ல வேண்டும். அந்தத் தோட்டத்தில் இன்னும் எட்டுப் பேர் அதே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாத்திரைதான் காலைக் கெடுத்தது என்று தெரிந்தால் அத்தனை பேரும் துப்பிவிடுவார்கள், நோய் லயம் முழுக்கப் பரவும். சத்துக்குறைவு என்று ஒரு சொல்லைச் சொல்லி முடித்துவிடலாம். அது பொய்யும் ஆகாது. நல்ல காரணம்தான். ஆனால் அந்த நல்ல காரணத்துக்குப் பின்னால் என் தோலைக் காப்பாற்றும் ஆசையும் ஒளிந்திருந்தது. இரண்டும் ஒன்றாகக் கலந்து வரும்போது எது எது என்று பிரிக்க முடியாது. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை என்பதால், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெறைப்பு மாத்திரையால் வந்தது. புண் என்னால் வந்தது. இதோ இந்தப் புது மாத்திரையைச் சேர்த்துச் சாப்பிட்டால் இனி ஏறாது. எட்டுப் பேருக்கும் இன்றிலிருந்து கொடுக்கிறேன்.

கறுப்பையா என்னை ஏதோ சொல்ல வாயெடுத்தார், முத்தாயி கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்தப் பழைய மாத்திரைய நிப்பாட்டணுங்களா?"

"நிப்பாட்டினா நெஞ்சு நோவு திரும்பி வந்துரும், முத்தாயி."

கையை நீட்டினார். இரண்டு மாத்திரையையும் கொடுத்தேன். விழுங்கித் தண்ணீர் குடித்துவிட்டு, வழக்கம்போல நாக்கை நீட்டிக் காட்டினார்.

கப்பல் எட்டாம் நாள் வந்தது. எதற்குப் பயந்து காலை மறைத்தாரோ அதே கப்பலில், நாற்காலியில் தூக்கி, நான்தான் ஏற்றிவிட்டேன். படகு ஆடியபோது என் தோளைப் பிடித்துக்கொண்டார். போர்ட் பிளேரில் வலது காலில் நான்கு விரல்களையும் இடது காலில் ஒன்றையும் எடுத்தார்கள். மேலிடத்துக்குப் போன அறிக்கையில் தற்செயலாக ஏற்பட்ட வெந்நீர்க் காயம் என்று எழுதியிருந்தது. யார் எழுதினார்கள் என்று கேட்காதீர்கள். கையெழுத்து என்னுடையது. லயத்து வாசலில் சொல்ல முடிந்த உண்மையைக் காகிதத்தில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஒருவரும் என்னை விசாரிக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து முத்தாயி திரும்பி வந்தார். எட்டுப் பேரில் ஒருவரும் மாத்திரையை விடவில்லை. அவர் சாப்பிடும்போது நாங்கள் எப்படி விடுவது என்றார்களாம். சரிவில் ஏற அவரால் முடியவில்லை. விரல் ஊன்றாமல் மேட்டில் நிற்க முடியாது. தாய்மார்கள் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் கொட்டகையை அவர்கள் பிள்ளைக் காம்பரா என்பார்கள். அங்கே ஆயா வேலை கொடுத்தார்கள். தூரத்துச் சரிவில் பால் வெட்டும் பெண்களின் பேச்சுச் சத்தம் அங்கே கேட்கும். அவர் அந்தப் பக்கம் முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பார்.

அதன் பிறகு பஞ்சும் குண்டூசியும் இல்லாமல் நான் எந்தக் காலையும் பார்த்ததில்லை. பாவம் என்று யாராவது காலை இழுத்துக்கொண்டால், பாவம் எனக்கு வரட்டும் என்று பிடித்து மடியில் வைத்துக்கொள்வேன். அதனால் முத்தாயிக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

கட்சாலை விட்டு மாற்றலாகும் வாரம், தடுப்பூசி போட பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன். குழந்தைகளைக் குளிப்பாட்டும் நேரம். வாளியில் வெந்நீர் விளாவி வைத்திருந்தார். மடியில் ஒரு கைக்குழந்தை. என்னைப் பார்த்ததும் கூப்பிட்டார்.

"ஐயா, ஒரு கைய விட்டுப் பாருங்க."

கையில் இருந்த பெட்டியைக் கீழே வைத்தேன். அவருடைய கை விரல்களிலும் கொஞ்சம் விறைப்பு மிச்சம் இருந்தது என்றும், தினமும் அந்தப் பக்கம் போகிற யாரையாவது கூப்பிட்டுச் சூடு பார்க்கச் சொல்வார் என்றும் அங்கிருந்த பெண் சொன்னாள். முத்தாயி முகத்தில் குத்திக்காட்டும் எண்ணம் எதுவும் இல்லை. குழந்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

வாளிக்குள் கையை விட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

"பொறுக்கிற சூடுதானுங்களா ஐயா?" என்று கேட்டார்.